பீட் கண்ட அயர்லாந்தியர்: நன்றியும் நீதியும்

கி.பி. 731இல் பீட் என்னும் துறவி இலத்தீன் மொழியில் எழுதி முடித்த ‘ஆங்கிலேய மக்களின் திருச்சபை வரலாறு’ ஐந்து பகுதிகளைக் கொண்டது. பிரித்தானியத் தீவில் குடியேறிய ஆங்கில, சாக்சனியக் குலங்களின் வழிவந்தவர் அவர். வழிபாட்டு ஒழுங்கில் ரோமையே பின்பற்றியவர். இத்தகைய ஒருவர், வேறொரு முறைப்படி ஈஸ்டர் நாளைக் கணக்கிட்ட அயர்லாந்தியரைப் பற்றி எவ்வாறு எழுதினார் என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

ரோமப் படைகள் அயர்லாந்தைக் கைப்பற்றியதில்லை. தளபதி அக்ரிக்கோலா முதலாம் நூற்றாண்டில் எதிர்க்கரையிலிருந்து அத்தீவை நோக்கியதோடு நின்றுவிட்டார். வணிகமும் கடற்கொள்ளையும் இரு கரைகளையும் இணைத்தன. எனினும் ரோம உலகம் அம்மக்களை ஆழ்ந்து தொட்டது திருச்சபையின் வாயிலாகவே. 431இல் ரோமாபுரிப் பேராயர் செலஸ்தீன் பல்லாடியுஸை அங்கு அனுப்பியதைப் பீட் குறிப்பிடுகிறார். ஆனால் அயர்லாந்தின் அப்போஸ்தலன் எனப் போற்றப்படும் பாட்ரிக்கின் பெயர் இவ்வரலாற்றில் இடம்பெறவில்லை.

ஆயினும் இந்நூலின் மேன்மையான பக்கங்கள் அயர்லாந்தியரைப் பற்றியவையே. 635இல் அயோனாத் துறவிமடத்திலிருந்து வந்த எய்டன், சாக்சனியருக்கு நடந்தே நற்செய்தி அறிவித்தார். அரசன் ஆஸ்வால்டே அவருக்கு மொழிபெயர்த்தான். எய்டனின் ஈஸ்டர் கணக்கைப் பீட் ஏற்கவில்லை. அவருடைய எளிமையையும் ஏழைகள்பால் கொண்ட அன்பையும் மனமாரப் போற்றுகிறார். 664இல் விட்பிப் பேரவை ரோம முறையையே தேர்ந்தபோது, இணங்காது வெளியேறிய கோல்மனின் சிக்கன வாழ்வையும் பாராட்டுகிறார். அயர்லாந்துக்குக் கல்வி தேடிச் சென்ற ஆங்கிலேயருக்கு அம்மக்கள் உணவும் நூல்களும் போதனையும் விலையின்றி அளித்ததைப் பதிவு செய்கிறார். 684இல் அரசன் எக்ஃபிரித் அத்தீவின்மேல் படையெடுக்கச் செய்ததைக் கண்டிக்கிறார். மறு ஆண்டில் அவன் போரில் மாண்டதைத் தண்டனையாகவே கொள்கிறார். தன் குலத்து அரசனையே குற்றஞ்சாட்டும் துணிவு இது.

ஆனால் இதே பீட், பிரித்தோனியரைப் பற்றி எழுதுகையில் வேறொருவராகிவிடுகிறார். ஏறத்தாழ 616இல், செஸ்டர் போரில் பாங்கோர் மடத்துத் துறவிகள் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டனர் என்கிறார். அவர்கள் ஜெபிக்க வந்தவர்கள். கொன்றவனோ கிறிஸ்துவை அறியாத அரசன். அப்படியிருந்தும், கான்டர்பரி அகஸ்டினின் எச்சரிக்கை நிறைவேறிற்று என்றே பீட் கருதுகிறார். ஈஸ்டர் வேறுபாடு இரு சாராரிடமும் இருந்தது. பின் ஏன் இந்த வேற்றுமை? அயர்லாந்தியர் சாக்சனியருக்கு நற்செய்தி கொணர்ந்தனர், பிரித்தோனியர் கொணரவில்லை. இதுவே அவர் கூறும் பெருங்குற்றச்சாட்டு. பிரித்தோனியரோ சாக்சனியரிடம் நிலம் இழந்தவர்கள். அயர்லாந்தியருக்கு அவ்விழப்பு இல்லை. இந்த உண்மையைப் பீட் தம் தராசில் வைக்கவேயில்லை.

எனவே அவருடைய நேர்மையை நாம் மறுக்கவில்லை. அதன் எல்லையையே சுட்டுகிறோம். நமக்கு நன்மை செய்தோரிடம் மாறுபட்ட வழக்கத்தையும் பொறுத்துக்கொள்வது நன்றியுணர்வு, அது சிறந்ததே. நம் முன்னோரால் துன்புற்றோர் நம்மை நேசிக்க மறுத்தபோது, அம்மறுப்பின் காரணத்தை விளங்கிக்கொள்வதே நீதி. முன்னதில் பீட் நமக்கு ஆசான். பின்னதில் அவர் தவறிய இடத்தை அறிந்து கற்பதும், திருச்சபை வரலாறு எழுதுவோரின் கடமையாகும்.