கழித்த புறா

மாமா அந்தச் சாம்பல் நிற ஆண் புறாவைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். இருபது நாள் கழித்து ஒரு மதியம் அது வியாசர்பாடி மொட்டைமாடியில் பழைய கூண்டின் பலகைமேல் உட்கார்ந்திருந்தது. வாங்கியவர் இறக்கையைச் சுற்றிக் கட்டியிருந்த நூல் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பதிமூன்று வயது. சந்தோஷம் தாங்காமல் கத்தினேன். "மாமா, திரும்பி வந்துட்டான் பாருங்க. ஹோமர்னா இதானே வேலை?"

மாமா நூலை அறுத்துவிட்டு, புறாவைக் கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பார்த்தார். "பல்லாவரத்துலர்ந்து எல்லாமும் வரும்டா. முந்நூறு கிலோமீட்டர்ல ரெண்டு வாட்டி உட்டேன், ரெண்டு வாட்டியும் மறுநாள் வந்துச்சு. அதான் கணக்கு."

மறுநாள் காலையில் அந்தப் புறா கூண்டில் இல்லை. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புறா வரும் எந்தக் கதையைப் படித்தாலும், எந்தப் படத்தைப் பார்த்தாலும், அந்தக் காலை நேரம் அதில் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். கொஞ்சம் அநியாயமான அளவுகோல்தான். ஆனால் புறா வளர்ப்பைப் பற்றிப் பேசும் ஒரு படைப்பு நேர்மையானதா என்று கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

*

தமிழில் புறாவுக்குப் பழைய மரபு உண்டு. பருந்துக்குப் பயந்து மடியில் விழுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த செம்பியனின் கதை அதில் முதன்மையானது. சோழர்கள் தங்கள் குலப் பெருமையாக அதைச் சொல்லிக்கொண்டார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் பாண்டியன் முன்னால் நின்று அதை நினைவுபடுத்துகிறாள். அங்கே புறா அடைக்கலம் தேடி வந்த உயிர். அதன் எடைக்கு ஈடாக ஓர் அரசனின் உடம்பே போகிறது. அந்தப் புறா நல்ல புறாவா, வேகமான புறாவா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததுதான் அந்தக் கதையின் அறம்.

இன்னொன்று கலித்தொகையின் பாலைக்கலியில் வருகிறது. வெயிலில் வாடிய பெட்டைக்கு ஆண் புறா தன் மெல்லிய சிறகால் ஆறுதல் தரும் காட்சி. பிரிந்துபோன தலைவன் அதைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுவான் என்று தலைவி நம்புகிறாள்.

பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். அதை அவர்கள் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பாவில் பரவலான ஒரு முறை இது: பந்தயக் காலத்தில் ஆணையும் பெட்டையையும் பிரித்து வைப்பார்கள். புறாவைக் கூடையில் ஏற்றுவதற்கு முன் சில நிமிடம் மட்டும் ஜோடியைக் காட்டுவார்கள். பிறகு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். ஆண் வெறியோடு பறந்து வரும். இந்த முறைக்குப் பெயரே 'விதவை முறை'. பாலைத்திணையின் பிரிவை ஒரு எரிபொருளாக மாற்றியிருக்கிறார்கள் என்று முதல்முறை புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. அந்த அன்பு பொய் கிடையாது. உண்மையான அன்பாக இருப்பதால்தான் அதை இப்படிப் பயன்படுத்த முடிகிறது.

*

இலக்கியமும் சினிமாவும் புறாவைப் பறக்கும்போது பார்க்கின்றன. வளர்ப்பவர் பார்ப்பது பெரும்பாலும் கையில் இருக்கும் புறாவை.

மாமாவின் காலை எச்சத்தில் தொடங்கும். உருண்டையாக, கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டதுபோல இருந்தால் நல்லது. பச்சையாகத் தண்ணீராக இருந்தால் அந்தக் கூண்டு தனி. அப்புறம் அலகைத் திறந்து தொண்டையைப் பார்ப்பார். தயிர்த் திப்பிபோல மஞ்சளாகப் படிந்திருந்தால், அது ஒட்டுண்ணியால் வரும் தொண்டைப் புண். குடிக்கும் தண்ணீர் வழியாகவும், தாய் ஊட்டும்போது குஞ்சுக்கும் பரவிவிடும். புறா பால் கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. முட்டையிலிருந்து வந்த முதல் சில நாட்களுக்கு ஆணும் பெட்டையும், இரண்டுமே, தொண்டைப் பையில் சுரக்கும் பாலைத்தான் குஞ்சுக்கு ஊட்டும். அன்பும் நோயும் ஒரே வழியாக இறங்குகின்றன.

எல்லாவற்றையும்விடப் பயந்தது கழுத்து திருகும் நோய்க்கு. கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலின் உறவுக்கார வைரஸ் அது. புறா தலையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளும். தானியத்தைக் குறிவைத்துக் கொத்தும், அலகு பக்கத்தில் போய்த் தரையில் இடிக்கும். வைரஸுக்கு மருந்தில்லை. தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். கையால் ஊட்டிப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டால் சில புறாக்கள் வாரக்கணக்கில் தேறி வரும். ஆனால் யார் அத்தனை வாரம் ஊட்டுவது? தேறினாலும் அது பந்தயத்துக்கு ஆகுமா?

புறாக்காரர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பக்கம், "நோய் வந்தா மருந்து குடு, உயிரு தானே" என்பார்கள். இன்னொரு பக்கம், "மருந்து குடுத்துக் குடுத்துக் காப்பாத்துனா அந்த வீக்னஸ் குஞ்சுக்குப் போவும். தானா தாங்குறத வெச்சி ஜோடி போடு" என்பார்கள். இரண்டாவது கட்சி கொடூரமாகத் தோன்றும். ஆனால் வருஷம் முழுக்கக் காரணமே இல்லாமல் ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீர் வைக்கும் கூண்டில் எது உண்மையிலேயே திடமான புறா, எது மருந்தில் நிற்கும் புறா என்று கடைசிவரை தெரியாது என்பதும் உண்மைதான். பராமரிப்பு வேறு, தேர்வு வேறு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறோம். கூண்டுக்குள் இரண்டும் ஒரே கைதான்.

*

அந்தக் கையைப் பற்றி மிகக் கூர்மையாக எழுதியவர் டார்வின். 1859இல் வந்த அவருடைய உயிரினங்களின் தோற்றம் நூலைப் பெரிய மிருகங்களோடும் தீவுகளோடும் தொடங்கும் புத்தகம் என்று நினைத்துத் திறந்தேன். முதல் அத்தியாயத்தில் இருப்பது வீட்டுப் புறா. 1855 முதல் அவர் தன் வீட்டில் புறா வளர்த்தார், லண்டனில் இரண்டு புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்தார். விசிறி வால் புறா, தொண்டையை ஊதும் புறா, குட்டை அலகுப் புறா என்று பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வகைகள் எல்லாம் ஒரே மாடப்புறாவிலிருந்து மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை என்று நிறுவினார். கைப்பிரதியைப் படித்த ஒரு பத்திரிகை ஆசிரியர், புறாவைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் போட்டால் எல்லோரும் வாங்குவார்கள் என்று யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை இல்லை, நடந்ததுதான்.

இதில் நம் ஊருக்கும் ஒரு நூலிழை இருக்கிறது. உலகின் பல இடங்களிலிருந்து புறாத் தோல்களை அனுப்பி உதவியவர்களில் டார்வின் குறிப்பாக நன்றி சொல்வது வால்டர் எலியட்டுக்கு. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர், அமராவதிச் சிற்பங்களோடு பெயர் இணைந்தவர். புறாக்களைப் பற்றிய ஒரு பழைய பாரசீக நூலையும் அவர் டார்வினுக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

அந்த அத்தியாயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது டார்வின் பிரித்துக் காட்டும் இரண்டு வகைத் தேர்வு. ஒன்று, இப்படி ஒரு வால் வேண்டும் என்று திட்டம் போட்டுத் தேர்வது. இன்னொன்று, எந்தத் திட்டமும் இல்லாமல், நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது. மாமா இரண்டாவது வகை. அவர் எந்த இனத்தையும் உருவாக்கவில்லை, தினமும் எதையாவது கழித்தார், அவ்வளவுதான். கழித்தலே படைத்தல் என்ற அந்த விஷயத்தை டார்வின் அளவுக்கு அமைதியாகச் சொன்ன எழுத்தை நான் படித்ததில்லை.

ஆனால் அந்த அமைதிதான் எனக்குச் சந்தேகமும். அத்தியாயத்தில் தேர்வு நடக்கிறது, ரத்தம் இல்லை. ரத்தம் அவருடைய கடிதத்தில் இருக்கிறது. எலும்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பத்து நாள் வயதான ஒரு குஞ்சைக் கொன்றதைத் தன் உறவினர் ஃபாக்ஸுக்கு எழுதுகிறார். தேவதைபோல இருந்த ஒன்றைக் கொலை செய்துவிட்டதாக, பாதி விளையாட்டாகவும் பாதி குற்ற உணர்வாகவும். புத்தகத்தில் விதி, கடிதத்தில் குஞ்சு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க அவரால் முடியவில்லை. அறிவியல் நூலுக்கு அது தேவையில்லை என்று சொல்லலாம். இலக்கியத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

*

சினிமாவுக்கு வருகிறேன். புறா வளர்ப்பவன் என்றதும் பலருக்கு நினைவு வருவது எலியா கசானின் ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட் (1954). மார்லன் பிராண்டோவின் டெர்ரி மொட்டைமாடியில் பந்தயப் புறா வைத்திருக்கிறான். புறாக்கள் கல்யாணம் கட்டிக்கொண்டு கடைசிவரை ஒன்றாக இருக்கும் என்று காதலியிடம் சொல்கிறான். அதே டெர்ரிதான் படத்தின் தொடக்கத்தில், உன் தொலைந்த புறா கிடைத்துவிட்டது என்று சொல்லி அவளுடைய அண்ணனை மாடிக்கு வரவழைத்துச் சாவுக்கு அனுப்புகிறான். அவன் சாட்சி சொன்ன பிறகு, அவனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த பையனே அவன் புறாக்கள் அத்தனையையும் கொன்றுபோடுகிறான். கசானுக்குப் புறாவின் மென்மையும் அதைச் சுற்றியுள்ள வன்முறையும் தெரிந்திருக்கிறது. ஆனால் வன்முறை வெளியிலிருந்து வருகிறது. வளர்ப்பவனின் கை சுத்தமாகவே இருக்கிறது.

நம் மாரி (2015) வந்தபோது எங்கள் தெருவே தியேட்டருக்குப் போனது. கடைசியில் நம்ம மாடியைப் படமெடுத்துவிட்டார்கள் என்ற பெருமை. தனுஷ் மீசையை முறுக்குகிறார், புறா பறக்கிறது, பாட்டு வருகிறது. படம் முடிந்து வெளியே வந்தபின் ஒரு புறாவின் முகம்கூட என் நினைவில் இல்லை. ரவுடிக்கும் உள்ளே ஒரு மென்மை இருக்கிறது என்று காட்ட ஒரு பொருள் தேவைப்பட்டது, அது புறாவாக இருந்தது. நாய்க்குட்டியாக இருந்திருந்தாலும் வேலை முடிந்திருக்கும்.

நான் தேடிய படம் அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, அதே தனுஷை வைத்தே வந்துவிட்டிருந்தது. ஆனால் அதில் புறா இல்லை, சேவல். வெற்றிமாறனின் ஆடுகளத்தில் பேட்டைக்காரன் ஒரு சேவலைப் பார்த்து, இது தேறாது, அறுத்துவிடு என்கிறார். கருப்பு அறுக்காமல் வளர்க்கிறான். அந்தச் சேவல் களத்தில் ஜெயிக்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் துரோகம் அத்தனையும் அந்த ஒரு தீர்ப்பு தப்பாகிப்போனதிலிருந்து முளைக்கிறது. பேட்டைக்காரனின் மரியாதை, பேச்சு, நடை எல்லாமே அவர் கண் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில் நிற்பவை. கழித்த ஒன்று உயிரோடு திரும்பி வந்து ஜெயித்தால், அவர் இதுவரை கழித்த மற்றவை எல்லாம் என்ன ஆவது? இந்தக் கேள்வியை அவர் தாங்க மாட்டார். தேர்ந்தெடுப்பவனின் பயம் என்ன என்பதைத் தமிழில் இவ்வளவு சரியாகக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியாது.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். ஆடுகளத்தில் கழித்த சேவல் ஜெயித்துவிடுகிறது. கதைக்கு அது தேவை. ஆனால் கழிக்கப்பட்டவை பெரும்பாலும் ஜெயிப்பதில்லை. தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தப்பான தீர்ப்பை எதிர்ப்பது எளிது. சரியான தீர்ப்பை என்ன செய்வது?

*

2020 நவம்பரில் பெல்ஜியத்தில் நடந்த ஓர் இணைய ஏலத்தில் நியூ கிம் என்ற இரண்டு வயதுப் பெட்டைப் புறா பதினாறு லட்சம் யூரோவுக்குப் போனது. செய்தி வந்த அன்று மாமாவுக்கு அனுப்பினேன். "அத பறக்க உட மாட்டாங்கடா, முட்டைக்குத்தான்" என்று குரல் பதிவு வந்தது. உண்மை. வளர்ந்த ஹோமரை வாங்கியவர் அதைத் திறந்துவிட்டால் பழைய வீட்டை நோக்கித்தான் போகும். விலை உயர உயரக் கூண்டும் இறுகும். ஜெயித்த புறாவின் கதையும் அப்படி ஒன்றும் சுதந்திரமான கதை கிடையாது.

மாமா இப்போது புறா வளர்ப்பதில்லை. பல வருஷம் கூண்டுத் தூசியைச் சுவாசித்ததில் நுரையீரல் போய்விட்டது. டாக்டர் புறா பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார். போன பொங்கலுக்கு மாடியில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, இருபது வருஷம் கழித்து அந்தச் சாம்பல் புறாவைப் பற்றிக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எதுடா, நூல் கட்னதா?" என்றார்.

நூற்றுக்கணக்கான புறாக்களைக் கழித்தவர். அதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார். நல்ல முடிவுதான் எடுத்தேன் என்று சொல்லவில்லை, தப்பு செய்தேன் என்றும் சொல்லவில்லை. இருமிவிட்டு, காலியான கூண்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்பியனிடம் தராசு இருந்தது, மாமாவிடம் கணக்கு இருந்தது. நம் புறாக் கதைகள் இதுவரை செம்பியனின் பக்கத்தையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. கணக்குப் போட்டவரின் பக்கத்தை எழுத ஒருவர் வர வேண்டும். அவரை வில்லனாக்காமல், மன்னிக்கவும் செய்யாமல், அந்தக் காலை நேரத்துக்குள் போய் உட்கார்ந்து எழுத வேண்டும். அப்படி ஒன்று வந்தால் முதலில் மாமாவுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன்.