வீட்டுக்கு வராத கார்

நாவல் எழுதுகிறவனுக்கு மோட்டார் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது. ஆனால் ஒரு சிருஷ்டியைப் பார்த்து, இது எதற்காகச் செய்யப்பட்டது, செய்தவன் நினைத்ததைச் செய்து முடித்திருக்கிறானா என்று விசாரிக்க, ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சமைக்கத் தெரியாதவர்கள்தாம் எங்கள் வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

என் தமக்கையின் பேரன் லீவுக்கு வந்திருந்தான். வந்த நாளிலிருந்து மூன்று கார்களைப் பற்றியே பேச்சு. மூன்றும் 2013-ஆம் ஆண்டைச் சுற்றி வெளியானவை. இத்தாலியில் பெராரிக்காரர்கள் செய்த லாபெராரி, இங்கிலாந்தில் மக்லாரன்காரர்கள் செய்த பி 1, ஜெர்மனியில் போர்ஷே செய்த 918 ஸ்பைடர். கார்ப் பித்து உள்ளவர்கள் இந்த மூன்றையும் மும்மூர்த்திகள் என்றே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பையனுக்கு அவற்றின் குதிரைச் சக்தி, எடை, எண்ணிக்கை எல்லாம் மனப்பாடம். ஒன்றைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை. இதில் சிரிக்க எதுவும் இல்லை. நாமும் போகாத ஊர்களைப் பற்றிய நாவல்களைப் படித்துத்தானே வளர்ந்தோம்?

மூன்றுக்கும் பொதுவான விஷயம், பெட்ரோல் யந்திரத்தோடு மின்சார மோட்டாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பது. ஹைப்ரிட் என்கிறார்கள். சாதாரணமாக இந்த ஏற்பாடு பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக. இங்கே வேகத்துக்காக. பிரேக் போடும்போது வீணாகப் போகிற சக்தியைச் சேமித்து, மறுபடி முடுக்கும்போது செலவழிக்கும் வித்தை 2009-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்தது. அதை வீதிக்குக் கொண்டுவந்ததாகத்தான் பெராரியின் பெருமை.

ஒரே கருவை மூன்று பேர் எழுதினால் மூன்று கதைகள் வரும் அல்லவா? அப்படித்தான் இங்கேயும். லாபெராரியில் பன்னிரண்டு சிலிண்டர் யந்திரம் 800 குதிரைச் சக்தி தருகிறது; மின்சார மோட்டார் 163 சேர்க்கிறது. மின்சாரத்தில் மட்டும் அது நகராது. வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளவும் வசதியில்லை. பழைய பாட்டுக்கு ஒரு புதிய பக்கவாத்தியம் வைத்த மாதிரி. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. மக்லாரன் பி 1-இல் எட்டு சிலிண்டர். இரண்டும் சேர்ந்து 916. மின்சாரத்திலேயே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் போகலாம். விடியற்காலையில் அண்டை வீட்டாரை எழுப்பாமல் தெருவைக் கடக்க அது போதும். போர்ஷே 918-இல் முன்சக்கரங்களை மின்சாரமே இழுக்கிறது. பின்னால் யந்திரத்தோடு இன்னொரு மோட்டார். மொத்தம் 887. மின்சாரத்தில் மட்டும் 30 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். சக்தியில் மூன்றாவது, ஆனால் கருவை உள்ளபடி எடுத்துக்கொண்டு எழுதியவர் இவர்தான் என்பது என் அபிப்பிராயம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டால் லாபெராரி அப்போதும் ஒரு பெராரிதான். 918-இலிருந்து பிடுங்கினால் அது வேறு காராகிவிடும். ஒரு பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறது என்றால் அந்தப் பாத்திரம் கதைக்குத் தேவையில்லை என்று நாங்கள் சொல்லுகிற வழக்கம்.

ரசிகர்கள் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டது, மூன்றில் எது வேகம் என்று. இதில் மூவரும் நடந்துகொண்ட விதம் வேடிக்கையானது. ஜெர்மனியில் நியூர்பர்க்ரிங் என்று காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பழைய பந்தயப் பாதை இருக்கிறது. 2013 செப்டம்பரில் 918 அதை 6 நிமிஷம் 57 விநாடியில் சுற்றியது. விற்பனைக்கு வந்த கார் ஒன்று அங்கே 7 நிமிஷத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை என்று போர்ஷே அறிவித்தது. மக்லாரன், தன் காரும் 7 நிமிஷத்துக்குள் வந்துவிட்டது என்று சொல்லி, எத்தனை விநாடி என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டது. பெராரி தன் சொந்த ஊரான மாரனெல்லோவுக்குப் பக்கத்தில் உள்ள சொந்தப் பாதையான பியொரானோவில் 1 நிமிஷம் 20 விநாடிக்குள் சுற்றியதாகக் கணக்குக் காட்டியது. ஒருவர் கைப்பிரதியை மேஜைமேல் வைக்கிறார். ஒருவர் "எழுதிவிட்டேன், நன்றாக வந்திருக்கிறது" என்கிறார். ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் தம் மனிதர்களுக்கே வாசித்துக் காட்டுகிறார். எந்தக் கைப்பிரதியைப் பற்றி விமரிசகன் பேச முடியும்?

இனி எண்ணிக்கை. இதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்; ஏனென்றால் இந்தப் பித்தின் உயிர்நாடியே இதுதான்.

லாபெராரி 499. பி 1 375. 918, பெயருக்கு ஏற்ப 918. பையன் இந்த எண்களைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது, கோயிலில் பேசுவதைப்போல. குறைவாகச் செய்வது பெராரிக்குப் புதிதல்ல. ஆனால் முன்பு அதற்கு வேறு காரணம் இருந்தது. 1984-இல் 288 ஜி.டி.ஓ. என்று ஒரு கார் செய்தார்கள். குரூப் பி என்ற பந்தய வகையில் சேர வேண்டுமானால் குறைந்தது 200 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதற்காகச் செய்து, கிராக்கி இருந்ததால் 272 வரை போனார்கள். 1986-இல் நடந்த கோர விபத்துகளுக்குப் பிறகு குரூப் பி-யையே நிறுத்திவிட்டார்கள். கார் மட்டும் மிஞ்சியது.

குறைந்தது 200 என்பது பந்தயக்காரன் போட்ட எண். அதிகம் போனால் 499 என்பது வியாபாரி போட்ட எண். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு யுகம் மாறியிருக்கிறது. அதை ரசிகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. சந்தை எத்தனை கேட்கிறதோ அதற்கு ஒன்று குறைவாகச் செய்ய வேண்டும் என்பது ஸ்தாபகர் என்ஸோ பெராரியின் கொள்கை என்று சொல்வார்கள். 1995-இல் வந்த எப் 50 அந்தக் கணக்குப்படியே 349. பசியோடு எழுந்திரு என்று சொல்லும் வைத்தியரைப்போல. ஆனால் பசி நமக்கு, லாபம் வைத்தியருக்கு.

அந்த 499-உம் நிற்கவில்லை. பிறகு கூரை கழற்றிய அபெர்ட்டா என்ற ரூபத்தில் 210 வந்தது. 2016-இல் இத்தாலியின் மத்தியப் பகுதியில் பூகம்பம் வந்தபோது ஐந்நூறாவது லாபெராரி ஒன்றைச் செய்து ஏலம் விட்டார்கள். 70 லட்சம் டாலருக்குப் போனது. பணம் பூகம்பத்தில் வீடிழந்த பிரதேசத்துக்கு. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இதற்கு முந்திய என்ஸோ என்ற காரிலும் இப்படித்தான்: நானூறாவது காரைப் போப்பாண்டவருக்கு அளித்தார்கள், அது 2005-இல் ஏலம் போய், 2004 டிசம்பரில் நம் கரையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போன சுனாமியின் நிவாரணத்துக்குப் பணம் போயிற்று. எண்ணிக்கையை மீறியதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனாலும் மீறினால் விலை ஏறுகிறது என்பதும் அங்கேதான் தெரிந்துபோயிற்று.

இவ்வளவும் முன்னுரை. பையன் உண்மையில் மயங்கிக் கிடப்பது இந்த மூன்றில்கூட இல்லை. இவற்றில் இரண்டுக்குப் பிறந்த பிள்ளைகளிடம். வீதியில் ஓட்டக் கூடாத, பந்தயப் பாதையில் மட்டுமே ஓட்டலாம் என்ற கார்கள். லாபெராரிக்கு எப்.எக்ஸ்.எக்ஸ். கே, 2014 டிசம்பரில் அபுதாபியில் காட்டினார்கள், 1,050 குதிரைச் சக்தி. பி 1-க்கு ஜி.டி.ஆர்., 1,000 குதிரைச் சக்தி, விலை 20 லட்சம் பவுனுக்குக் கொஞ்சம் கீழே; முதலில் பி 1 வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே கொடுப்பதாகச் சொன்னார்கள். போர்ஷே 918-க்கு இப்படி ஒன்றும் விற்கவில்லை. தன் ஹைப்ரிட் ஞானத்தைப் பந்தயத்தில் காட்ட வேண்டும் என்று தோன்றியபோது 919 என்று தனியாக ஒரு பந்தயக் காரே செய்து, பிரான்ஸில் 24 மணி நேரம் ஓடும் லெமான் பந்தயத்தை 2015, 2016, 2017 மூன்று வருஷமும் ஜெயித்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

எப்.எக்ஸ்.எக்ஸ். கே வீதிக்கு உரியதல்ல என்றால் பந்தயத்துக்கு உரியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பந்தயத்துக்கும் உரியதல்ல என்று பெராரியே பிரகடனம் செய்துவிட்டது. எந்தப் பந்தய வகையின் விதிக்கும் அது பொருந்தாது. வாங்கியவர் சோதனை ஓட்டுநர் என்ற பட்டத்தோடு, கம்பெனி ஏற்பாடு செய்கிற நாளில், ஏற்பாடு செய்கிற பாதையில் ஓட்டலாம். 2005-இல் என்ஸோவிலிருந்து பிறந்த எப்.எக்ஸ்.எக்ஸ். நாளிலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. கார் பெரும்பாலும் மாரனெல்லோவிலேயே கம்பெனியின் பராமரிப்பில் இருக்கும். பிறந்த வீட்டை விட்டு வராத பெண்ணுக்குக் கலியாணம் செய்துகொண்டு வருஷத்துக்குச் சில நாள் மாமனார் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மாப்பிள்ளை என்று நான் சொன்னதற்குப் பையன் கோபித்துக்கொண்டான்.

"தாத்தா, உங்களுக்குப் புரியலை. ரூல்ஸே இல்லாம செஞ்சா எப்படி இருக்கும்னு பாக்கத்தான் அது" என்றான்.

இந்த வார்த்தையில் விஷயம் இருக்கிறது. தள்ளிவிடக் கூடாது. வீதிக் காருக்குச் சத்தம் எவ்வளவு, புகை எவ்வளவு, விளக்கு எங்கே என்று சர்க்கார் விதிகள். பந்தயக் காருக்கு எடை, சக்தி, இறக்கையின் அகலம் எல்லாவற்றுக்கும் விதிகள். இரண்டு கூண்டுக்கும் வெளியே நின்று, என்னால் எவ்வளவு முடியும் என்று பார்க்க ஒரு பொறியாளனுக்கு ஆசை இருக்காதா? இது கலை கலைக்காகவே என்கிற வாதம்தான். கேவலமான வாதம் அல்ல.

ஆனால் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிய காலத்தில், இத்தனை பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, இந்த வார்த்தையை உபயோகிக்கக் கூடாது என்றெல்லாம் ஆசிரியர் கட்டளை போடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பிறகு எந்தக் கட்டளையும் இல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், என் திருப்திக்கென்றே ஒரு நாவல் எழுதினேன். நடையெல்லாம் பிரமாதமாகத்தான் இருந்தது. உள்ளே யாரும் எதற்கும் பயப்படவில்லை, யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. இன்று அதை எடுத்தால் இருபது பக்கம் தாண்ட என்னாலேயே முடியவில்லை.

ஜி.டி.ஆர். விஷயத்தில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஏனென்றால் அந்தப் பெயரே ஒரு ஞாபகார்த்தம். மக்லாரன் எப் 1 என்ற கார் வீதிக்கென்று செய்யப்பட்டது. எல்லா ரூபங்களையும் சேர்த்து 106 கார்கள். அதைப் பந்தயத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வாங்கியவர்கள் சிலர் பிடிவாதம் பிடித்ததால் எப் 1 ஜி.டி.ஆர். பிறந்தது. 1995-இல் லெமானில், பந்தயத்துக்கென்றே பிறந்த கார்களை எல்லாம் பின்னே தள்ளிவிட்டு, மழையில் அது முதலாவதாக வந்தது. தால்மாஸ், லேட்டோ, செக்கியா என்ற மூவர் மாறி மாறி ஓட்டினார்கள். தோற்றிருக்கலாம்; வழியில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை என்பதுதான் அந்தக் கதை. அதன் இருபதாவது வருஷத்தைக் கொண்டாடுவதற்காக பி 1 ஜி.டி.ஆர். வந்தது. வாங்கியவர்களுக்கு அளவெடுத்து ஆசனம், தேகப் பயிற்சி, பொய்ப் பாதையில் ஒத்திகை எல்லாம் உண்டு. போட்டி மட்டும் கிடையாது. தகப்பன் சண்டையில் வாங்கிய பதக்கத்தை மாட்டிக்கொண்டு பிள்ளை படம் எடுத்துக்கொள்கிறான்.

இப்போது இது இன்னொரு திருப்பமும் திரும்பியிருக்கிறது. பெராரியின் 499 பி என்ற ஹைப்ரிட் பந்தயக் கார் 2023, 2024, 2025 மூன்று வருஷமும் லெமானில் ஜெயித்தது. நிஜமான கார், நிஜமான வெற்றி. 2023-லேயே அதற்கு மொடிபிகாட்டா என்று ஒரு பிரதி விற்பனைக்கு வந்துவிட்டது. பந்தயக் காரிலிருந்து பந்தயத்தை எடுத்துவிட்டுச் செய்த கார். 2024 அக்டோபரில் மக்லாரன் டபிள்யூ 1 என்று 399-உம், பெராரி எப் 80 என்று 799-உம் அறிவித்தார்கள். இவற்றுக்கும் பிள்ளைகள் பிறந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

பையனின் உற்சாகத்தை நான் குறைத்துவிட்டேனோ என்று அன்று இரவு தோன்றியது. வாங்கியவர்களைவிட அவனுக்குத்தான் அந்தக் கார்கள் மேல் நிஜமான பிரியம். வாங்கியவர் விலை ஏறுகிறதா என்று பார்க்கலாம். இவனுக்கு அந்தக் கவலையில்லை. பி 1-இன் பின்இறக்கை வீதியில் 120 மில்லிமீட்டர் எழும்பும், பந்தயப் பாதையில் 300 மில்லிமீட்டர் எழும்பும், அப்போது காரே 50 மில்லிமீட்டர் தரையோடு தாழும் என்று சொல்லிக்கொண்டே, உட்கார்ந்த இடத்தில் தானும் கொஞ்சம் குனிந்து காட்டினான். இப்படி ஒரு வாசகன் என் புஸ்தகம் எதற்காவது கிடைத்திருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தேன்.

மறுநாள் காப்பி குடிக்கும்போது அவனாகவே ஒரு சமாசாரம் சொன்னான். இங்கிலாந்தில் லான்ஸான்டே என்று ஒரு பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். 1995-இல் லெமானில் ஜெயித்த எப் 1 ஜி.டி.ஆரை நடத்தியவர்களே அவர்கள்தாம். இப்போது பி 1 ஜி.டி.ஆர். வாங்கியவர்கள் சிலர் அவர்களிடம் காரைக் கொண்டுபோய், விதிப்படி செய்ய வேண்டிய மாறுதல்களை எல்லாம் செய்து, நம்பர் பலகை மாட்டி, வீதியில் ஓட்டுகிறார்களாம்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு ஓட்டிண்டு போகணும்னு ஆசை வந்திருக்கும், தாத்தா" என்றான்.