சலவைக் கணக்கும் பிணவாடையும்

பேயைக் காட்டிப் பயமுறுத்துவது எளிது. பேய் வருமோ என்று நூறு பக்கம் ஏங்க வைப்பதுதான் கோதிக் கதையின் வித்தை. ஆன் ராட்கிளிஃப் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில் (1794) மலைக்கோட்டை, உள்ளிருந்து தாழிட முடியாத அறை, அணையப் போகும் விளக்கு என்று அந்தச் சூழலை நிதானமாகக் கட்டினார். கடைசியில் எல்லாவற்றுக்கும் இயல்பான காரணம் சொல்லிவிடுவார்; பயந்த வாசகனுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிடும். இந்தப் பலவீனத்தைத்தான் ஜேன் ஆஸ்டின் பிடித்துக்கொண்டார். அவருடைய நாயகி புயல் இரவில் பழைய அலமாரியிலிருந்து நடுங்கிக்கொண்டே எடுத்த காகிதங்கள், விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு!

தமிழில் புதுமைப்பித்தன் 'காஞ்சனை'க்குக் கோட்டை தேடவில்லை. சாதாரண வீடு, கணவன் மனைவி, நடுநிசியில் ஒரு பிணவாடை. இருட்டுக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம், வாடைக்கு என்ன செய்வது? விடையும் சொல்லாமல் விட்டார். சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்திலும் பேயா, விஞ்ஞானமா என்ற வழக்கு தீரவில்லை. பின்னால் வந்த மாத நாவல்கள் பலவற்றில் பங்களாவும் பனிமூட்டமும் நாய் ஊளையும் மட்டுமே மிஞ்சின; மறைக்க உள்ளே எதுவும் இல்லை.

திருப்பூர் வட்டாரத்தில் மறைக்க நிறைய இருந்தது. சுமங்கலித் திட்டத்தில் ஸ்பின்னிங் மில்லுக்கு வந்த பெண்களுக்கு மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று வாக்குறுதி. அதுவரை ஹாஸ்டல், உயரக் காம்பவுண்டு, பூட்டிய கேட், பஞ்சுத் தூசி பறக்கும் நைட் ஷிஃப்ட். கோதிக் எழுத்தாளன் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். உடால்ஃபோவில் நாயகி எமிலி அடைபட்டதும் அவள் சொத்துக்காகத்தானே?

ஆனால் மூட்டம் போட்டால் குற்றவாளியும் மறைந்துவிடுவான். ஹாஸ்டலில் ஆவி நடமாடத் தொடங்கினால், கொடுக்காத பணம் சாபமாகிவிடும், மேனேஜ்மென்ட் தப்பித்துக்கொள்ளும். சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யில் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றை எழுதியபோது பேயைத் துணைக்கு அழைக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இருந்தும், நாளைக் காலை கேட் திறக்குமா என்று தெரியாத இரவை வாசகனுக்குள் இறக்க யதார்த்த எழுத்து சிரமப்படுகிறது. அங்கே ராட்கிளிஃப் கைகொடுப்பார். புதுமைப்பித்தனைப் போல விடையை மட்டும் தொங்கலில் விடக்கூடாது. இங்கே விடை சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது.