ஒரு வீட்டுக்கு ஒரு சான்றிதழ்

தமிழ்நாட்டின் உயர்கல்வி உதவித் திட்டங்களில் சில மாணவரைக் கணக்கில் எடுக்கின்றன. சில குடும்பத்தைக் கணக்கில் எடுக்கின்றன. ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரியது. நெல்லை நம்பி வாழும் சீர்காழி போன்ற கடைமடை ஊர்களில் அது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது.

குடும்பத்தைக் கணக்கில் எடுப்பவற்றுள் முதன்மையானது 2010-11 கல்வியாண்டில் வந்த முதல் பட்டதாரி சலுகை. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர் எவரும் பட்டம் பெறாத வீட்டிலிருந்து கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் அது கைகொடுக்கிறது. சாதி, வருமானம் எதையும் அது கேட்பதில்லை. குத்தகை விவசாயியும் நடவுக்கூலியும் தங்கள் வருமானத்தைக் காகிதத்தில் காட்டுவது கடினம். ஒரு வீட்டில் பட்டதாரி உண்டா இல்லையா என்பதோ ஊருக்கே தெரிந்த செய்தி. வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்ற ஒரு தாளால் இந்தச் சலுகை இத்தனை எளிதாக நடப்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் அந்தத் தாள் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. இதனால் பிள்ளைகளின் வயது இடைவெளியே ஒரு நிதிக் கணக்காகிவிடுகிறது. மேலையூரில் உள்ள பூம்புகார் கல்லூரியில் மூத்தவள் மூன்றாண்டு பி.எஸ்சி. படிக்கிறாள் என்று கொள்வோம். தம்பி ஓரிரு வயதே இளையவன் என்றால் அவள் பட்டம் வாங்குமுன் அவன் பொறியியல் கலந்தாய்வுக்கு வந்துவிடுவான். சான்றிதழ் அவனுக்குக் கிடைக்கும். நான்கு வயது இளையவன் என்றால் வீட்டில் பட்டதாரி வந்துவிட்டாள். சலுகையை யாரும் பயன்படுத்தாமலே வாசல் அடைபடுகிறது. மகளைக் கட்டணம் குறைந்த கலைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, சான்றிதழை மகனுக்கென்று எடுத்து வைக்கும் போக்குக்கும் இந்த விதி இடம் தருகிறது. சலுகையின் நோக்கம் அதுவல்ல, விளைவு அதுவாகிறது. வசதியான வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கிடைப்பது, ஏழை வீட்டின் இரண்டாவது பிள்ளைக்குக் கிடைக்காமல் போவதுதான் இதில் மிகவும் வருத்தமானது.

வருமான வரம்பு வைத்துத் தரும் உதவித்தொகைகளில் குறை வேறு விதமானது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் என்ற வரம்பு, கல்லூரியில் ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று பிள்ளைகள் இருந்தாலும் நகர்வதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி உதவியில் பெற்றோரின் பங்கைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை நெடுங்காலம் இருந்தது. 2024-25இல் அதை நீக்கினார்கள். இங்கே அப்படி வகுக்கும் வழக்கமே வேரூன்றவில்லை.

மாணவரைக் கணக்கில் எடுக்கும் திட்டங்கள் இந்த வகையில் நியாயமானவை. 2022 செப்டம்பரில் மாணவியருக்காகத் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காகத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் இரண்டும் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அக்காள் வாங்குகிறாள் என்பதற்காகத் தம்பிக்கு நிற்பதில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறுபவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எனவே அந்த இடம் கிடைக்கக்கூடிய பிள்ளையின் பெயரில் முதல் பட்டதாரிச் சான்றிதழை வாங்கிவிடாமல், மற்றவருக்காக விட்டுவைப்பது நல்ல திட்டம்.

கல்விக் கடனிலும் விதி சாதகமாகவே இருக்கிறது. உடன்பிறந்தவர் முன்பே கடன் வாங்கியிருப்பது அடுத்தவரின் தகுதியைப் பாதிக்காது என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் சொல்கிறது. 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம். இதன் மறுபக்கத்தைக் குடும்பங்கள் கவனிப்பது குறைவு. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். ஒரு வயது இடைவெளியில் ஒரே படிப்பைப் படித்த இருவரின் தவணைகள் ஓராண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இரண்டு கடனிலும் கையெழுத்திட்டவர் பெற்றோர்தான்.

இவை எல்லாவற்றிலும் விட்டுப்போன ஒன்று காலம். கட்டணம் கட்டச் சொல்வது ஆனி, ஆடி, ஆவணியில். குறுவைக்கு உழவும் நாற்றும் நடவும் கையிருப்பைத் தின்றுவிடும் மாதங்கள் அவையே. சம்பா நெல் கொள்முதல் நிலையத்தில் பணமாவது தை, மாசிக்குப் பிறகு. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி இளம் சம்பாப் பயிர் நீரில் மூழ்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் இரண்டாம் பருவக் கட்டணம் இரட்டிப்புச் சுமை. கல்லூரிகள் கட்டணத்தை அறுவடையை ஒட்டித் தவணைகளாகப் பிரித்தால், புதிய நிதி ஏதும் ஒதுக்காமலே இந்தச் சுமையில் ஒரு பகுதி குறையும்.