தூணின் தலை

ஏற்காடு போய்விட்டு வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று ஒப்பிப்பார்கள். மிளகும் காபித்தூளும் வாங்கிய கணக்கு தனியாக வரும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி இறங்கி, சேலத்தில் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அடுத்த தடவை அரை நாள் மிச்சம் வையுங்கள். ஓமலூர் வழியாக தாரமங்கலம் போங்கள். கைலாசநாதர் கோயில். பார்த்து முடிப்பதற்குள் கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் கோயில் மாதிரியே இருக்காது. உயரமான கல் மதில், கோட்டை மாதிரி. கட்டியவர்கள் அப்படி. அமரகுந்தியைத் தலைநகராக வைத்து ஆண்ட கெட்டி முதலிகள், மதுரை நாயக்கர்களுக்கு உட்பட்ட பாளையக்காரர்கள். பழைய கோயிலுக்கு இன்று நாம் பார்க்கிற உருவத்தைக் கொடுத்தது அவர்கள்தான். அந்தக் காலத்தில் கோயில் மதில் என்பது சும்மா அழகுக்கு இல்லை. 1781 ஜூனில் சிதம்பரம் கோயிலுக்குள் இருந்த ஹைதர் அலியின் படையை விரட்டப் போன ஆங்கிலத் தளபதி அயர் கூட், முடியாமல் திரும்பி வந்தார்.

சாமி இருக்கும் இடமே கோட்டையாவது நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை. பிரான்ஸின் தென்கோடியில், கடலோரத்தில், சேன்த் மரி த லா மேர் என்று ஓர் ஊர். அங்கே 12-ம் நூற்றாண்டு மாதா கோயில் ஒன்று இருக்கிறது. கடல் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கட்டியது. கூரை மேல் காவலுக்கு நடக்க வழி, உள்ளேயே ஒரு கிணறு. முற்றுகை என்றால் ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளியே முரட்டுச் சுவர். உள்ளே பலிபீடத்துப் பக்கம், தூண்களின் தலையில் சிற்பம். அதில் ஒன்று ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் கதை.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. அவர்கள் கதையைத் தூணின் தலையில் வைத்தார்கள். நம்மவர்கள் ஏன் உடம்பில் வைத்தார்கள்?

அங்கே வளைவுதான் கட்டடம். அகலமான வளைவின் கனத்தை ஒல்லியான உருண்டைத் தூணுக்கு இறக்க, நடுவில் ஒரு கல் வேண்டும். சிற்பிக்குக் கிடைத்த இடம் அந்த ஒரு முழம்தான். ஆபிரகாமையும் கத்தியையும் அதற்குள் மடக்கிவைத்தான். நம் கோயிலில் வளைவு கிடையாது. தூண், அதன்மேல் உத்தரம், அவ்வளவுதான். கல் எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் தாங்கும். ஆனால் நீளமாகக் கிடத்தினால் நடுவில் முறியும். அதனால் தூணின் தலையில் இரண்டு பக்கமும் கை நீட்டியது போல ஒரு கல்லை வைத்தார்கள். உத்தரம் தாண்ட வேண்டிய தூரம் குறைகிறது. அதற்குப் பெயர் போதிகை. உழைக்கிற கை. அதன் மேல் ராமாயணத்தை ஏற்றவில்லை.

ஆனால் அதைச் சும்மாவும் விடவில்லை. பல்லவர் போதிகை அலை போல உருண்டிருக்கும். சோழர் போதிகை சரிவாக வெட்டினது போல, நடுவில் ஒரு துருத்தலோடு இருக்கும். விஜயநகர காலத்தில் நுனியில் ஒரு மொட்டு முளைத்தது. நாயக்கர் காலத்தில் அது நீண்டு வாழைப்பூ மாதிரி தொங்க ஆரம்பித்துவிட்டது. இதை வைத்தே கோயிலின் வயதைச் சொல்லலாம் என்று 1914-ல் புத்தகம் போட்டுக் காட்டியவர் புதுச்சேரியில் வாத்தியாராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். கல்வெட்டு படிக்கத் தெரியாத நீங்களும் நானும் அண்ணாந்து பார்த்தே நூற்றாண்டைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட முடியும். எத்தனை பெரிய சௌகரியம்!

தாரமங்கலத்தில் யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? யாளியின் வாய்க்குள் விரலை விட்டுக் கல் உருண்டையை உருட்டுகிறார்கள். உருளும், வெளியே வராது. கல் சங்கிலியைக் காட்டுகிறார்கள். 'அந்தக் காலத்திலேயே எப்படி சார்!' என்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மயக்கம் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. முன்மண்டபத்துத் தூண்களில் பாயும் உருவங்களும் அப்படித்தான்; ஒவ்வொன்றும் 'என்னைப் பார், என்னைப் பார்' என்று கூச்சல் போடுகிறது. நாயக்கர் கலையின் வியாதி அது. நிறுத்தத் தெரியாது.

ஆனால் ஒரு இடத்தில் நான் கை கூப்பிவிட்டேன். வாலியும் சுக்ரீவனும் ஒரு தூணில் சண்டை போடுகிறார்கள். ராமன் வேறு தூணில் வில்லோடு நிற்கிறான். ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான். வாலியிடம் போய் நின்றால் ராமன் தெரிய மாட்டான். இதையும் ஏதோ கண்கட்டு வித்தை மாதிரிதான் சொல்லிக்காட்டுகிறார்கள். இல்லை. மறைந்து நின்று அடித்தது சரியா என்று ஊரே இன்னும் பட்டிமன்றம் நடத்துகிறது. சிற்பி தீர்ப்பே சொல்லவில்லை. இரண்டு தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்து, நம்மையே ஒரு தடவை ராமனாகவும் ஒரு தடவை வாலியாகவும் நிற்க வைத்துவிட்டான். வாலியின் இடத்தில் நின்றபோது எனக்கு முதுகில் என்னமோ செய்தது. ஒரு தூணைப் பெயர்த்து மியூசியத்தில் வைத்துப் பாருங்கள், அத்தனையும் போச்சு.

ஆபிரகாம் கதையைப் பார்க்க நீங்கள் ஒரே இடத்தில் நின்று தலையை உயர்த்தினால் போதும். இது நடந்து பார்க்க வேண்டிய கதை. அதனால்தான் உடம்பில் வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

தலைக்கு மேலே விதானத்தில் ஒரு கல் தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள். கூச்சலே இல்லை. கீழே அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தவர்களா இதைச் செதுக்கினார்கள் என்று இருக்கும்.

சமீபத்தில் வேறொரு கோயிலுக்குப் போனேன். பெயர் வேண்டாம். போதிகையின் மொட்டில் ஆணி அடித்து ட்யூப் லைட் மாட்டியிருந்தார்கள். திருப்பணி என்ற பெயரில் மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ததில் சிற்பங்களின் மூக்கும் விரல் நகமும் மழுங்கிப்போயிருந்தன. அங்கிருந்தவரிடம் கேட்டேன். 'பளிச்சுனு இருக்கு, இல்லீங்களா?' என்றார்.

தாரமங்கலம் மேற்கு பார்த்த கோயில். சாயங்காலம் போங்கள், வெயில் சாய்வாக வாசல் பக்கம் விழும். யாளி வாயில் உருண்டையை ஒரு தடவை உருட்டிவிட்டு, வாலியின் பக்கத்தில் போய் நின்று ராமனைத் தேடுங்கள். அப்புறம் நிமிருங்கள்.