செலண்டார் சமையற்காரருக்கு ஏற்ற தேடுசொல் எது?

செலண்டாரில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் ஒருவர் தம் தொழிலுக்கு ஓர் அகப்பக்கம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் தம்மிடம் வந்து சேர வேண்டும் என்பதை அவர் முதலில் முடிவு செய்தாக வேண்டும். இதற்குச் சந்தையில் அதிகம் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: அதிகம் பேர் தேடும் சொல்லைக் கண்டுபிடித்து அதைப் பக்கமெங்கும் வைத்துவிடுங்கள் என்பது. இந்த ஆலோசனை ஒரு சிற்றூர் வணிகருக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் முடிவு. ஆனால் அதில் எடுத்துக்கொள்ளத் தக்கதும் உண்டு. அதற்கு மாற்றாகச் சொல்லப்படுகிறவற்றிலும் ஓட்டைகள் உண்டு. எனவே எல்லாவற்றையும் எடைபோட்டே முடிவுக்கு வர வேண்டும்.

இந்தக் கேள்வியைச் சிறியதாக எண்ண முடியாது. செலண்டார் மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் மாவட்டத்தின் உட்பகுதியில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் யாருடைய கைப்பக்குவம் நல்லது என்பது தோட்டத்துக்கே தெரியும். கோயில் திருவிழாவில் சாப்பிட்டவர்களே அடுத்த கல்யாணத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாக மாறி, குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் மலாக்கா நகரத்துக்கும் ஜொகூருக்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்த பிறகு அந்த வாய்ச்சொல் தொடர்பு அறுந்துவிட்டது. சொந்த ஊர்க் கோயிலில் மகளுக்குக் கல்யாணம் வைக்க நினைக்கும் சிரம்பான் குடும்பம் இன்று கைப்பேசியில்தான் ஆள் தேடுகிறது. அங்கே அகப்படாத சமையற்காரர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்தக் குடும்பத்தின் கணக்கில் வரமாட்டார்.

ஒரு தேடுசொல்லை மதிப்பிட மூன்று அளவுகோல்களை வைக்கிறேன். அதைத் தேடுகிறவர் நம் வேலையைத் தேடி வந்தவரா? அந்தச் சொல்லில் நாம் முன்னால் நிற்க முடியுமா? வந்தவர் கேட்பதை நம்மால் செய்து கொடுக்க முடியுமா? மூன்றையும் தாண்டும் சொல் நல்ல சொல். ஒன்றில் தவறினாலும், எத்தனை ஆயிரம் பேர் தேடினாலும் அது பயன் தராது.

முதல் அளவுகோலுக்கு அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. கணினி அறிவியலாளர் ஆண்ட்ரே புரோடர் 2002இல் வெளியிட்ட கட்டுரையில் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போவதற்கான தேடல், ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கான தேடல், ஒரு காரியத்தை முடிப்பதற்கான தேடல். ‘மட்டன் பிரியாணி செய்வது எப்படி’ என்று தேடுகிறவர் இரண்டாம் வகை. அவர் அடுப்படியில் நிற்கிறார்; அவருக்குச் சமையற்காரர் தேவையில்லை. ‘ஜாசின் இந்தியன் கேட்டரிங் 300 பேர்’ என்று தேடுகிறவர் மூன்றாம் வகை. அவர் கையில் தேதியும் ஆள் கணக்கும் இருக்கின்றன. முதல் சொல்லைத் தேடுகிறவர்கள் பல மடங்கு அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து செலண்டாருக்கு ஓர் அழைப்பும் வராது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் முறை இந்த இருவரையும் ஒரே தராசில் வைக்கிறது. அதன் முதல் பிழை இதுவே.

இரண்டாவது பிழை, தேடல் எண்ணிக்கையைக் காட்டும் கருவியைப் படிப்பதில் நேர்கிறது. பெரும்பாலோர் நம்புவது கூகுளின் கீவேர்ட் பிளானரை. 2013இல் வந்த இந்தக் கருவி விளம்பரம் கொடுப்பவர்களுக்காக அமைக்கப்பட்டது. அதில் ‘போட்டி’ என்று காட்டப்படுவது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி. காசு கொடுக்காமல் தேடல் பட்டியலில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்வதில்லை. ‘போட்டி குறைவு’ என்பதைப் பார்த்து எளிதில் முன்னுக்கு வந்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் தவறான அளவையைப் படிக்கிறார்கள். விளம்பரத்துக்குச் செலவிடாத கணக்குகளுக்கு அது துல்லியமான எண்ணையும் தருவதில்லை. 10 முதல் 100 வரை, 100 முதல் 1,000 வரை என்று அகன்ற வரம்புகளையே காட்டும். சிற்றூர்ப் பெயர் கலந்த சொற்களுக்குப் பல நேரம் எண்ணே இராது. எண் இல்லாததைத் தேடுவோரே இல்லை என்று பொருள்கொண்டு ஒதுக்கினால், நமக்கு மிகவும் வேண்டிய சொற்களையே முதலில் தூக்கி எறிகிறோம்.

சராசரியும் ஏமாற்றும். கருவி முன்னிறுத்துவது ஓராண்டின் மாதச் சராசரி. நம் தொழிலோ ஆடியில் அடங்கி ஆவணியில் எழுந்து, தீபாவளிக்கு முன் முறுக்கும் அதிரசமும் கேட்டு, மார்கழி கழிந்து தையில் மறுபடி கல்யாணத்துக்குத் திரும்புகிறது. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுத்த எண்ணில் இந்த ஏற்ற இறக்கம் கரைந்துபோகும். மாதவாரி வரைபடத்தைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே கருவி உண்மையைச் சொல்லும்.

இனி இரண்டாம் அளவுகோல்: முன்னால் நிற்க முடியுமா? இதற்குத் தமிழரிடையே நடந்த ஒரு வழக்கே நல்ல பாடம். பாரத் மேட்ரிமனி, தமிழ் மேட்ரிமனி ஆகிய தளங்களை நடத்திய சென்னையின் கன்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது என்பது அதன் முறையீடு. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்ரமணியன் அந்த நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடையைத் தர மறுத்தார். அந்தப் பெயர்கள் தொழிலை விவரிக்கும் பொதுச் சொற்களால் ஆனவை என்பது அவர் முன்வைத்த காரணங்களில் முக்கியமானது. வழக்கு பின்னர் மேல்முறையீட்டுக்கும் போனது.

இந்த வழக்கில் இரண்டு உண்மைகள் எதிரெதிரே நிற்கின்றன. மக்கள் ஏற்கெனவே தட்டச்சு செய்யும் பொதுச் சொல்லையே பெயராக்கியதால் அந்த நிறுவனத்துக்கு வரவு எளிதாயிற்று. அதே பொதுத்தன்மையால் அந்தச் சொற்களுக்கு வேலி போட முடியவில்லை. ‘செலண்டார் கேட்டரிங்’ என்பதையே கடையின் பெயராக வைக்கலாமா என்று யோசிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். நாளை பக்கத்துத் தாமானில் இன்னொருவர் அதே சொல்லைப் பயன்படுத்தினால் தடுப்பது கடினம். கடைக்குத் தனக்கே உரிய பெயர். பக்கத்தின் உள்ளே தொழிலையும் ஊரையும் விவரிக்கும் பொதுச் சொற்கள். இந்தப் பிரிவினைதான் நிலைக்கும்.

சொல்லைத் திணித்து முன்னேறலாம் என்ற நம்பிக்கைக்கும் விடை கிடைத்துவிட்டது. பக்கத்தின் மறைவான நிரலில் தேடுசொற்களைப் பட்டியலிடுவதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகவே அறிவித்தது. அதற்கு முன்பே, 2006 பிப்ரவரியில், தேடுபொறிக்காக மட்டுமே தேடுசொல் நிறைத்து அமைத்த ‘வாசல் பக்கங்களை’ வைத்திருந்ததற்காக பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குக் கிடைக்காத விலக்கு நமக்குக் கிடைக்காது. சிற்றூர்களில் இந்தத் தவறு வேறு உருவில் வருகிறது. ஜாசினுக்கு ஒரு பக்கம், தம்பினுக்கு ஒரு பக்கம், தங்காக்குக்கு ஒரு பக்கம் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தை நகலெடுப்பது. இதுவும் கூகுள் தடை செய்துள்ள வாசல் பக்க முறையைச் சேர்ந்ததே. தம்பினில் செய்த விருந்தின் படங்கள், அங்குள்ள மண்டபத்தின் வசதிகள், அவ்வளவு தூரம் சட்டி பானை ஏற்றிச் செல்லும் கட்டணம் ஆகியவை இருந்தால்தான் தம்பினுக்குத் தனிப்பக்கம் நியாயமாகும்.

இந்தக் குறைகளைக் கண்டவர்கள் நீண்ட, குறுகலான சொற்றொடர்களைப் பரிந்துரைக்கிறார்கள். கிறிஸ் ஆண்டர்சன் 2004இல் எழுதிய ‘நீள்வால்’ கட்டுரைக்குப் பிறகு இந்த வாதம் வலுப்பெற்றது: அரிதாகக் கேட்கப்படுபவை தனித்தனியே சிறியவை, கூட்டினால் பெரியவை. அன்றாடத் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இதற்கு முன் ஒருபோதும் தேடப்படாதவை என்று கூகுளும் பலமுறை சொல்லியிருக்கிறது. வாதம் சரியானது, ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஆண்டர்சன் பேசியது பல்லாயிரம் பொருள்களை வைத்திருக்கும் கடைகளைப் பற்றி. நம்மிடம் இருப்பது ஒரு சமையலறையும் நான்கைந்து வகை விருந்துகளும்தான். ஆகவே நீளமான சொற்றொடர் என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் குருட்டு முறையே. எந்த நீளம் நம் வேலையோடு பொருந்துகிறது என்பதைக் கருவியால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது சமையற்காரரின் ஆர்டர் நோட்டு.

அந்த நோட்டையும் வாட்சாப் உரையாடல்களையும் புரட்டினால் வாடிக்கையாளரின் சொற்கள் அவர்கள் பேசியபடியே கிடைக்கும். வளைகாப்புச் சாப்பாடு, சடங்கு வீட்டு விருந்து, பதினாறாம் நாள் படையல், கோயில் அன்னதானம், ஆயிரம் பேருக்கு வாழையிலைச் சாப்பாடு, சுத்த சைவம், கூடாரமும் மேசை நாற்காலியும் சேர்த்து, மிச்சச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டித் தருவீர்களா? ஒவ்வொன்றும் ஒரு தேடுசொல். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தேதியும் ஒரு குடும்பமும் இருக்கின்றன. ‘கேட்டரிங்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வெளியூர்க் கருவி இவற்றை ஊகிக்க முடியாது. மூன்று அளவுகோல்களையும் ஒருசேரத் தாண்டுபவை இவையே.

மொழியைப் பொறுத்தவரை, ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற அறிவுரை மலேசியாவில் செல்லாது. நம் பிள்ளைகள் தொழிலின் பெயரை ஆங்கிலத்திலும், ஊரையும் அளவையும் மலாயிலும், சடங்கின் பெயரைத் தமிழிலும் சொல்லி, எல்லாவற்றையும் ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். கேட்டரிங் என்பதன் எழுத்துக்கூட்டலே ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் இன்னொன்று. மாநிலத்தின் பெயரையும் மலாய் முறையில் எழுதுவோர் உண்டு, பழைய ஆங்கில முறையில் எழுதுவோர் உண்டு. தமிழ் எழுத்தில் தேடுவோர் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். ஆயினும் சடங்குகளுக்குரிய சொற்களில் அந்தக் குறைவான கூட்டமே முடிவெடுக்கும் பெரியவர்களைக் கொண்டது, அந்தச் சொற்களுக்குப் போட்டிப் பக்கங்களும் குறைவு. ஆகவே தொழிலும் ஊரும் ஆங்கிலத்திலும் மலாயிலும், சடங்கும் உணவும் தமிழ் எழுத்தில் ரோமன் வடிவத்தோடு சேர்த்தும் இருப்பதே தக்க பங்கீடு.

ஓர் எதிர்வாதம் வலுவானது, அதைத் தாண்டிப் போக முடியாது. தேடுபொறிகள் இப்போது சொல்லைவிடப் பொருளைப் பார்க்கின்றன. கூகுளின் பெர்ட் என்னும் மொழிப் புரிதல் அமைப்பு 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலில் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் தமிழ் உள்ளிட்ட 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. அப்படியானால் சொல்லைத் தேர்வதே வீண்வேலை அல்லவா? அல்ல. எந்திரம் ‘சைவ விருந்து’, ‘மரக்கறிச் சாப்பாடு’ இரண்டும் ஒன்று என்று உணரலாம். ஆனால் நாம் சைவம் சமைக்கிறோமா, செலண்டாரில் இருக்கிறோமா, 500 பேருக்குச் செய்வோமா என்பது பக்கத்தில் எழுதப்படாவிட்டால் அது எதைப் புரிந்துகொள்ளும்? ஒரே பொருளுள்ள சொற்களில் எதை எழுதுவது என்ற கவலையைப் பெர்ட் குறைத்தது. விவரம் தரும் கடமையைக் கூட்டியது.

இன்னொரு வாதம்: சிற்றூருக்கு அகப்பக்கமே வேண்டாம், கூகுள் வரைபடத்தில் வணிகப் பதிவு போதும். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. இதில் தூரம் நமக்குச் சாதகம். பதிவு கட்டாயம் வேண்டும். ஆனால் கடைப் பெயரில் தேடுசொற்களைக் கோத்து எழுதுவது அதன் விதிக்கு முரண். பதினாறாம் நாள் படையலையும் வளைகாப்பையும் விலையோடும் படத்தோடும் விளக்கப் பதிவில் இடம் போதாது. பதிவு ஆளைக் காட்டும், பக்கம் ஐயத்தைத் தீர்க்கும், இரண்டும் தேவை.

ஆகவே தீர்ப்பு இது. அதிகம் பேர் தேடும் சொல்லைத் துரத்தும் முறை செலண்டார் வணிகருக்குத் தோற்ற முறை: அது வாங்காதவரை அழைக்கிறது, வெல்ல முடியாத இடத்தில் நிறுத்துகிறது, செய்ய முடியாததைக் கேட்க வைக்கிறது. நீண்ட சொற்றொடர் முறை பாதி சரி. வாடிக்கையாளர் வாய்ச்சொல்லிலிருந்து தொடங்கி, தொழிலும் ஊரும் சேர்த்து, கருவியைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தும் முறையே ஏற்கத்தக்கது. பக்கம் சில மாதம் ஓடிய பிறகு, எந்தத் தேடலுக்கு அது காட்டப்பட்டது என்று கூகுளின் சர்ச் கன்சோல் தரும் பட்டியலைப் பார்த்துச் சொற்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். கருவியின் ஊகத்தைவிட இந்தப் பட்டியல் உயர்ந்த சான்று. முறுக்கை அஞ்சலில் நாடு முழுதும் அனுப்புகிறவருக்கு மட்டும் இத்தீர்ப்பில் ஒரு திருத்தம்: அவருக்கு ஊர்ப் பெயர் எல்லையல்ல, எண்ணிக்கைக்கு அவர் கூடுதல் எடை தரலாம். அவரும் யார் வாங்குவார் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டே எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.