பணிமுகமும் தன்முகமும்: வேலையிடத்தில் விருப்பம் தெரிவித்தல் பற்றி

பொருள் வாங்கவோ பணம் கட்டவோ ஓரிடத்துக்குச் சென்ற ஒருவர், அங்கே பணிபுரியும் மற்றொருவரைச் சில நிமிடங்கள் மட்டுமே கண்டு பேசி, அப்பேச்சின் இனிமையால் ஈர்க்கப்பட்டு, அவரது தொலைபேசி எண்ணைக் கேட்பதும் வெளியே சந்திக்கலாமா என்று வினவுவதும் இன்றைய நகர வாழ்வில் காணப்படும் ஒரு வழக்கம். பேச்சில் 'நம்பர் கேட்பது' என்று சொல்லப்படும் இதனை, ஒரே அலுவலகத்தில் உடன் பணியாற்றுவோரிடையே முளைக்கும் காதலோடு சேர்த்து எண்ணலாகாது. உடன் பணியாற்றுவோர் ஒருவரையொருவர் பல நிலைகளில் அறிந்தவர்கள். இங்கோ ஒருவர் ஊதியத்துக்காக நிற்கிறார், மற்றவர் தம் விருப்பப்படி வந்து தம் விருப்பப்படி போகக்கூடியவர். இவ்வழக்கத்தை மதிப்பிடுவதற்கு இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இதனைக் கண்டிப்போர் பலர் இதன் வலிமையைக் காணத் தவறுகின்றனர். தமிழ்நாட்டில் ஓர் ஆணும் பெண்ணும் அறிமுகமாவதற்கு உறவினர், ஊரார், மணமாலை விளம்பரம் ஆகிய வழிகளே நெடுங்காலமாகத் திறந்திருந்தன. அவை மூன்றும் சாதியைக் கேட்ட பின்னரே பெயரைக் கேட்பவை. 2011–12ஆம் ஆண்டின் இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி, நாட்டில் சாதி மாறி நடந்த மணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. இத்தகைய சமூகத்தில், மருந்துக்கடையிலோ வங்கியிலோ நிகழும் தற்செயலான சந்திப்பு, குலமும் ஊரும் அறியாத இருவர் குரலையும் முகத்தையும் மட்டும் கொண்டு ஒருவரையொருவர் மதிக்கும் அரிய வாயிலாக அமைகிறது. நேரில் நின்று ஒரு முறை கேட்டு, கிடைக்கும் விடையை ஏற்றுக்கொள்வது, ஒருவரைத் தொலைவிலிருந்து வாரக்கணக்கில் நோட்டமிட்டு, வேறு யாரிடமோ எண் பெற்றுச் செய்தி அனுப்புவதைக் காட்டிலும் நேர்மையானது என்பதிலும் ஐயமில்லை.

அக இலக்கிய மரபிலும் வேலையிடச் சந்திப்பு புதிதன்று. குறிஞ்சித் தலைவி தினைப்புனத்தில் கிளி கடிந்துகொண்டிருக்கையில்தான் தலைவன் வருகிறான். தன் அம்புக்குத் தப்பிய யானையோ மானோ இவ்வழி வந்ததா என்று வினவிப் பேச்சைத் தொடங்குகிறான். நெய்தலில் அவள் உலரும் மீனைப் பறவைகள் கவராமல் காத்திருக்கிறாள். எனவே வேலை செய்யும் பெண்ணிடம் அயலான் ஒருவன் பேச்சுக் கொடுப்பது தமிழ் மரபுக்கு ஒவ்வாதது என்று வாதிடுவோர் அம்மரபை அறியாதவரே. ஆயினும் இந்த ஒப்புமையைக் கொண்டு இன்றைய வழக்கத்துக்கு நற்சான்று வழங்குவோர் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். தினைப்புனம் காக்கும் தலைவி யாரிடமும் கூலி பெறுபவள் அல்லள்; அவள் பேசாமல் முகம் திருப்பிக்கொண்டால் அதனைக் குறையென்று எழுதிவைக்கும் மேற்பார்வையாளர் அங்கே இல்லை. அன்றியும் அவளருகே தோழி இருந்தாள். தலைவன் கொண்டுவரும் தழையையும் பூவையும் வாங்க மறுப்பதும், அவனை நாள் கடத்தி அலைக்கழிப்பதுமாகிய 'சேட்படுத்தல்' என்னும் துறை தோழிக்கே உரியது. மறுப்பின் சுமையைத் தலைவிக்காகச் சுமந்தவள் அவள். இசைவு பெறாத விருப்பத்தைக் கைக்கிளை என்றும், மடலேறுதல் போன்ற வற்புறுத்தலைப் பெருந்திணை என்றும் பிரித்து, இரண்டையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது தொல்காப்பியம். இந்தப் பிரிப்பின் நுட்பம் பிற்காலத் திரைப்படங்களில் பெரிதும் காணாமற்போனது. விடாமல் பின்தொடர்வதே காதலின் உறுதி என்று அவை பல தலைமுறைகளுக்குக் கற்பித்துவிட்டன.

இனி, இவ்வழக்கத்தின் அடிப்படைக் குறையைக் காண்பதற்கு 'உணர்வுழைப்பு' என்னும் கருத்து துணைசெய்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்து, முன்னவருக்கு இன்முகமும் பின்னவருக்குக் கடுமுகமும் ஊதியத்தின் நிபந்தனையாகவே விதிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். உடலால் உழைப்பதைப் போலவே, தம் உணர்வையும் முகத்தையும் நிறுவனம் விரும்பும் வண்ணம் அமைத்துக் காட்டுவதும் ஓர் உழைப்பு என்பது அவர் கருத்து. ஜவுளிக்கடையில் ஐம்பது புடவைகளை விரித்துக் காட்டிய பின்னும் சலிப்பின்றி, "இந்தக் கலர் உங்க வீட்டம்மாவுக்கு எடுப்பா இருக்கும் சார்" என்று சொல்லும் பெண்ணின் புன்னகை இவ்வகைப்பட்டது. அது பொய்யென்று சொல்லிவிட முடியாது. உண்மையான பரிவும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் அந்தப் பரிவு எவ்வளவு, பணி எவ்வளவு என்று சில நிமிடங்களில் பிரித்தறியும் ஆற்றல் எதிரே நிற்பவருக்கு இல்லை. அமெரிக்க உளவியலாளர் அன்டோனியா ஆபி 1982இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சில நிமிடங்கள் உரையாடுவதை வேறோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து கவனித்தனர். உரையாடிய ஆண், கவனித்த ஆண் ஆகிய இருசாராருமே, அப்பெண்ணின் இயல்பான நட்பைப் பெண்கள் கண்டதைவிடக் கூடுதலாகப் பாலியல் நாட்டமென்று பொருள்கொண்டனர். ஊதியமே இல்லாத பேச்சிலேயே இத்தகைய பிழை நேருமாயின், புன்னகைக்கு ஊதியம் தரப்படும் இடத்தில் அது பெருகும் என்று கருதுவது பொருந்தும்.

பிழையாகப் புரிந்துகொள்வது மட்டுமே குறையாயின், ஒரு 'இல்லை' அதனைத் திருத்திவிடும். அந்த 'இல்லை'யைச் சொல்வதற்கு ஆகும் விலையே இங்குப் பெரிய சிக்கல். வெனஸா போன்ஸ், லாரன் டிவின்சென்ட் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, விருப்பம் தெரிவிப்போர், தம்மை மறுப்பது எதிரிலிருப்பவருக்கு எவ்வளவு கடினம் என்பதையும், அதனால் அவரது நடத்தை எவ்வளவு கட்டுண்டுபோகிறது என்பதையும் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்று காட்டியது. கேட்பவருக்குத் தம் துணிவும் தம் படபடப்புமே பெரிதாகத் தோன்றுகின்றன. கல்லாவுக்குப் பின்னால் நிற்பவரோ வாடிக்கையாளர் மனம் கோணுமா, மேலாளர் பார்க்கிறாரா, கேட்டவர் மாலையில் கடைவாசலில் காத்திருப்பாரா என்று ஒரே நொடியில் எண்ணவேண்டியிருக்கிறது.

சென்னை தியாகராய நகரின் பெரிய கடைகளில் வேலை செய்யும் பெண்களில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து, கடை உரிமையாளர் நடத்தும் விடுதியிலேயே தங்குபவர்கள். அவர்களுக்கு வேலையும் உறைவிடமும் ஒரே கையில் உள்ளன. 2010இல் வசந்தபாலன் இயக்கத்தில் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம், அத்தகைய கடையில் உடன் பணிபுரியும் இருவரின் காதலே எவ்வாறு தண்டனைக்குரிய குற்றமாக நடத்தப்படுகிறது என்பதைக் காட்டியது. வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பெண்ணோடு சற்று நேரம் சிரித்துப் பேசிவிட்டுப் போனால், ஏச்சுக்கு ஆளாவது அவரல்லர், அவளே. வேலை நேரத்தில் உட்காருவதற்கான உரிமையே, கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிய பின்னர் 2018இலும், தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்ட 2021இலும்தான் சட்டமாயிற்று என்பதை நினைத்தால், இப்பெண்களின் 'இல்லை'க்கு உள்ள இடம் எவ்வளவு சிறிது என்பது விளங்கும்.

சட்டம் இதில் ஓரளவே உதவுகிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் தொடர்புகொள்ளும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பளிப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. பின்தொடர்தலைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவோ, பெண் தனக்கு நாட்டமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பின்னும் ஒருவன் திரும்பத் திரும்ப அணுகுவதை மையமாகக் கொள்கிறது. ஆனால் பணியில் நிற்கும் பெண்ணால் காட்ட முடியாதது அந்தத் தெளிவையே. "நேரம் இல்லை சார்", "போன் ரிப்பேர்" என்றெல்லாம் வாடிக்கையாளர் முகம் வாடாதபடி அவள் சொல்வது அவளளவில் முழு மறுப்பு. கேட்பவர் காதில் அது 'பிறகு பார்க்கலாம்' என்று விழுகிறது.

எல்லாப் பணியிடங்களும் ஒன்றல்ல என்பதும் கருதத்தக்கது. தம் சொந்தக் கடையில் அமர்ந்திருக்கும் ஒருவர் விரும்பாத பேச்சை முறித்துக்கொள்ள முடியும். படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் அகன்றுபோக முடியாது. கேட்பவர் பெண்ணாகவும் பணியில் நிற்பவர் ஆணாகவும் இருப்பின் அச்சம் குறையலாம், சங்கடம் நீங்குவதில்லை. பணியில் இருப்பவரே, ரீசார்ஜுக்கோ பொருள் அனுப்பவோ வாடிக்கையாளர் கொடுத்த எண்ணுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்புவது இதன் மறுதலை. ஒரு தேவைக்காகத் தரப்பட்ட எண்ணை வேறொன்றுக்குப் பயன்படுத்தும் அச்செயலுக்கு எந்த நியாயமும் கூற இயலாது.

எண்ணைக் கேட்காமல் தம் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது இதற்கு மாற்றாகப் பலரால் முன்வைக்கப்படுகிறது. உடனடி விடையைக் கோராததாலும், அழைப்பதா வேண்டாமா என்ற முடிவைப் பணியாளரிடமே விடுவதாலும் இது மேலானதே. எனினும் கொடுத்தவர் மறுவாரமும் அதே கல்லாவுக்கு வந்து நின்றால், கொடுக்கப்பட்ட தாள் கேட்கப்படாத கேள்வியாகவே அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, தம் எண்ணைக் கொடுத்தவர் அழைப்பு வராத நிலையில் அந்தக் கல்லாவையேனும் விட்டுவிட அணியமாக இருந்தால் மட்டுமே இம்முறை ஏற்கத்தக்கது. பெரிய ஜவுளிக்கடையிலும் மருத்துவமனையிலும் அதுவும் தவிர்க்கத்தக்கது.

கேட்பவரின் பண்பை மட்டுமே நம்பி இதனை விட்டுவிடவும் முடியாது. தோழியின் இடத்தைக் கடைகள் நிரப்ப வேண்டும்: விரும்பாத பேச்சு தொடங்கியதும் காரணம் சொல்லாமலே வேறொருவரைத் தம் இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே செல்லும் அனுமதியும், அதற்காக ஊதியமோ விற்பனைக் கமிஷனோ பிடிக்கப்படாது என்ற எழுத்துமூல உறுதியும் ஒவ்வொரு விற்பனைப் பெண்ணுக்கும் வழங்கப்படுதல் வேண்டும்.